பழைய கம்ப்யூட்டருக்கு நம்ம ஊரில் ஓர் அறை வேண்டும்

கொக்கிரகுளத்தில் மாவட்ட அறிவியல் மையம் 1987-லிருந்து நடக்கிறது. பிள்ளைகள் அங்கே கைப்பிடியைச் சுற்றி, பொத்தானை அமுக்கித்தான் அறிவியலைப் படிக்கிறார்கள். அதே மாதிரி பழைய கம்ப்யூட்டர்களையும் தலையில் மாட்டினால் கற்பனை உலகைக் கண்முன் காட்டும் ஆரம்பகால வி.ஆர். கருவிகளையும் தொட்டுப் பார்க்க திருநெல்வேலிச் சீமையில் ஓர் அறை வேண்டும். கண்ணாடிப் பெட்டிக்குள் பூட்டி வைப்பதற்காக இதைக் கேட்கவில்லை. 1984-ல் தொடங்கிய கிளாஸ் என்ற பள்ளிக் கணினிக் கல்வித் திட்டத்தில் நம் நாட்டுப் பள்ளிகளுக்கு வந்தது பி.பி.சி. மைக்ரோ என்ற கம்ப்யூட்டர். 2 மெகாஹெர்ட்ஸ் வேகம், 32 கே.பி. நினைவகம், அவ்வளவுதான். சுவிட்சைப் போட்ட மறுநொடி அது வேலைக்குத் தயார். எட்டாம் வகுப்புப் பிள்ளை பேசிக் என்ற எளிய புரோகிராம் மொழியில் இரண்டு வரி அடித்து, தன் பெயர் திரை முழுக்க ஓடுவதைப் பார்க்க வேண்டும். இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜிலும் லெஸ்டரிலும் இப்படித் தொட்டு இயக்கும் அருங்காட்சியகங்கள் இருக்கின்றன.

இங்கே கெடுவது எங்கே என்றால், பரணிலிருந்து இறக்கிய கையோடு பிளக்கில் செருகிப் பார்ப்பதில்தான். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். பி.பி.சி. மைக்ரோவின் பவர் சப்ளையில், மின்சாரம் நுழையும் இடத்தில், மின் இரைச்சலை வடிகட்டும் எக்ஸ்2 வகை கப்பாசிட்டர்கள் உண்டு. அவற்றின் மேல்கூடு காலப்போக்கில் விரிசல் விட்டு, உள்ளிருக்கும் காகிதம் ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும். கரண்ட் ஏறியதும் வெடித்து அறை முழுக்கப் புகைநாற்றம். பார்க்க நன்றாக இருந்தாலும் கழற்றிவிட்டு, அதே மதிப்பில் புது எக்ஸ்2 போட்டுவிட வேண்டும். பிறகு முதல் தடவை கரண்ட் கொடுக்கும்போது சீரிஸ் பல்பு, அதாவது மிஷினுக்கு முன்னால் அதே வயரில் கோத்த குண்டு பல்பு வழியாகக் கொடுங்கள். பல்பு ஒரு கணம் மின்னி மங்கினால் சரி. பிரகாசமாக எரிந்துகொண்டே இருந்தால் உள்ளே ஷார்ட்.

386, 486 பிராசசர் உள்ள பழைய பி.சி. போர்டுகளுக்கு எமன் வேறு. பீப்பாய் வடிவில் 3.6 வோல்ட் நிக்கல் காட்மியம் பேட்டரி ஒன்று போர்டிலேயே சால்டர் செய்திருக்கும். அது கசிந்து செம்புத் தடங்களை அரித்து, பச்சையாகப் பூத்து நிற்கும். முதல் வேலையாகப் பேட்டரியை வெட்டி எடுங்கள், மிஷின் ஓடுகிறதா என்று பிறகு பார்க்கலாம். கசிவு காரத்தன்மை உள்ளது. எனவே வினிகர் தொட்ட பிரஷ்ஷால் தேய்த்து, காய்ச்சி வடித்த தண்ணீரில் கழுவி, ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்து, ஒரு நாள் நன்றாகக் காயவிட வேண்டும். பழைய இடத்தில், காசு வடிவில் வரும், சார்ஜ் ஏற்றக் கூடாத சி.ஆர். 2032 பேட்டரியை நேராக வைத்துவிடக் கூடாது. போர்டு அதைச் சார்ஜ் செய்யப் பார்க்கும், அது வெடிக்கவும் கூடும். நடுவில், கரண்டை ஒரே பக்கம் மட்டும் விடும் டயோடு ஒன்று கட்டாயம்.

ஆடிக் காற்றில் வள்ளியூர், ராதாபுரம் பக்கம் பறக்கிற புழுதியும், உவரி பக்கத்து உப்புக்காற்றும் பிளாப்பி டிரைவுக்கு ஆகாது. பூஞ்சை பிடித்த பிளாப்பியை டிரைவில் போட்டால் அதைப் படிக்கும் ஹெட்டும் போச்சு, அடுத்துப் போடுகிற நல்ல பிளாப்பியும் போச்சு. நல்ல நிலையில் உள்ளவற்றைக் கிரீஸ்வீசில் என்ற யு.எஸ்.பி. கருவியால் ஒருமுறை பிரதி எடுத்துவிட்டு, பார்வையாளர்கள் தொடும் மிஷினில், பென் டிரைவில் உள்ள பிரதியையே பிளாப்பி போலக் காட்டும் கோடெக் எமுலேட்டரை மாட்டுங்கள்.

பழைய குழாய் டி.வி.களைத் தூக்கிப் போட வேண்டாம். டி.வி. கேமோடு வந்த அந்தத் துப்பாக்கி எல்.இ.டி. திரையில் வேலை செய்யாது. குறி பார்த்துச் சுட்டதும் திரை கறுத்து, இலக்கு மட்டும் வெள்ளையாக மின்னும். அந்த வெளிச்சம் உடனே வந்தால்தான் துப்பாக்கியால் பிடிக்க முடியும், புதுத் திரைகள் தாமதிக்கின்றன.

வி.ஆர். பகுதியில் நேர்மை வேண்டும். 1995-ல் வந்து ஒரு வருஷம்கூட நிலைக்காத நின்டெண்டோவின் வெர்ச்சுவல் பாய் என்ற கேம் கருவி கிடைத்தால் வையுங்கள், ஆனால் தலையைத் திருப்பினால் காட்சி திரும்பாது என்பதையும் பக்கத்திலேயே எழுதி வையுங்கள். வெறும் சிவப்பு நிறத்தில் ஆழம் தெரியும், அவ்வளவுதான். அதன் திரையில் கோடு கோடாக விழுந்தால் ரிப்பன் கேபிளின் பசை விட்டிருக்கும். நிரந்தரத் தீர்வு சால்டர்தான். 1991-ல் வந்த வெர்ச்சுவாலிட்டி என்ற, விளையாட்டுக் கூடங்களுக்கான வி.ஆர். மிஷின் நமக்குக் கிடைப்பது அரிது. அதனால் 2014-ல் வந்த, செல்போனைச் செருகிப் பார்க்கும் அட்டைப்பெட்டியான கூகுள் கார்ட்போர்டைப் பக்கத்தில் வைத்தால் போதும், தலை திரும்பக் காட்சி திரும்புவது எப்படி என்று பிள்ளைகளுக்குப் புரியும். ஆளுக்கு மூன்று நிமிஷத்துக்கு மேல் வேண்டாம். தலை அசைவுக்கும் காட்சிக்கும் நடுவில் தாமதம் விழுந்தால் குமட்டும். நம்ம வெயிலுக்கு முகத்தில் படும் இடத்தில் துவைக்கக்கூடிய துணி உறை போடுங்கள்.

பணக்காரர் ஒருவரை மட்டும் நம்பி இதைத் தொடங்கக் கூடாது என்பதிலும் எனக்கு உறுதி உண்டு. அமெரிக்காவின் சியாட்டிலில், மைக்ரோசாஃப்டைத் தொடங்கியவர்களில் ஒருவரான பால் ஆலன் உருவாக்கிய லிவிங் கம்ப்யூட்டர்ஸ் அருங்காட்சியகம் அருமையான இடமாக இருந்தது. அவர் 2018-ல் இறந்தார், 2020-ல் மூடியது திறக்கவே இல்லை, 2024-ல் அங்கிருந்த பொருட்கள் ஏலத்துக்குப் போயின. பள்ளிகளும் கல்லூரிகளும் ஆளுக்கு இரண்டு மிஷினைப் பொறுப்பேற்றால் போதும். லேபைக் காலி செய்யும்போது பழைய இரும்புக் கடைக்கு எடைக்குப் போடும் முன் கீபோர்டு, மானிட்டர், கேபிள், கையேடு எல்லாவற்றையும் சேர்த்து ஒரே பெட்டியில் கட்டி வையுங்கள். கேபிள் இல்லாத மிஷினை ஓட்டுவதுதான் பெரும்பாடு. குழாய் டி.வி.யைத் திறக்கும் வேலையை மட்டும் பழைய டி.வி. மெக்கானிக் அண்ணாச்சிமாரிடம் விடுங்கள், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே ஆயிரக்கணக்கான வோல்ட் நிற்கும். அந்த வேலை தெரிந்தவர்கள் பாளையங்கோட்டையிலும் டவுனிலும் இன்னும் இருக்கிறார்கள். அவர்களுக்குக் கூலி கொடுத்துக் கூப்பிடுங்கள், பக்கத்தில் இரண்டு மாணவர்களையும் உட்கார வையுங்கள்.