ஷேடர் கணக்கையும் சேர்த்துப் பாருங்கள்

பிசி இருக்கும்போது பிஎஸ்5 மாதிரி கேம் கன்சோல் வீண்செலவு என்கிறது நான் படித்த ஒரு கட்டுரை. கிராபிக்ஸ் கார்டின் வேகத்தை மட்டும் வைத்து எடைபோட்டால் அப்படித்தான் தோன்றும். ஷேடர் விஷயத்தை ஏன் விட்டுவிட்டார்கள்? ஒளி, நிழல், நிறத்தைத் திரையில் எப்படி வரைவது என்று கார்டுக்குச் சொல்லும் சிறு புரோகிராம்கள்தான் ஷேடர்கள். பிஎஸ்5-க்கு வன்பொருள் நிலையானது என்பதால் ஷேடர்களை முன்பே கம்பைல் செய்து, அதாவது வன்பொருளுக்குப் புரியும் வடிவத்துக்கு மாற்றி, கேமோடு தந்துவிடுகிறார்கள். பிசியில் கார்டும் அதை இயக்கும் மென்பொருளான டிரைவரும் ஆளுக்கு ஆள் மாறும். அந்த வேலை உங்கள் மெஷினில்தான் நடந்தாக வேண்டும். ஆடிக்கொண்டிருக்கும்போது நடந்தால், புதிதாக ஒரு வெடிப்பு திரையில் வரும் நொடியில் படம் திக்கித் திணறும். விலை உயர்ந்த கார்டு போட்டாலும் அந்தத் திணறல் முழுசாகப் போகாது. கேமை முதலில் திறக்கும்போது ஷேடர் கம்பைல் ஓடினால், அவசரப்படாமல் 100% வரை விடுங்கள். டிரைவர் அப்டேட் செய்தால் பெரும்பாலும் மறுபடி முதலிலிருந்துதான்.

பிஎஸ்5-இல் இடம் பற்றாது என்பதற்கு வழி இருக்கிறது: பிசிஐஇ ஜென்4 எம்.2 எஸ்எஸ்டி என்ற வகை சேமிப்பு டிரைவை உள்ளே கூடுதலாகப் பொருத்தலாம், 8 டிபி வரை. வினாடிக்கு 5,500 எம்பி படிக்கும் வேகம் சோனியின் பரிந்துரை. சூட்டைத் தணிக்கும் உலோகத் தகடான ஹீட்சிங்க்கோடு மொத்த உயரம் 11.25 மி.மீ. தாண்டக்கூடாது, பிசிக்கென்று விற்கும் பருத்த ஹீட்சிங்க்குகள் கன்சோலில் அதற்கென உள்ள குழிக்குள் அடங்காது. இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள்.

பிசிக்கு நிஜமாகவே சாதகமான இடம் ஆன்லைன் சந்தா. பிஎஸ்5-இல் காசு கொடுத்து வாங்கிய பெரும்பாலான கேம்களை ஆன்லைனில் சேர்ந்து ஆட சோனியின் சந்தாவான பிஎஸ் பிளஸுக்குத் தனியாகக் கட்ட வேண்டும். ஃபோர்ட்நைட் மாதிரி இலவச கேம்களுக்கு விலக்கு உண்டு.