டிராக் கட்டாயமானது நல்லதுதான்

வலைச் செயலிகள் கட்ட உதவும் ஃப்ரேம்வொர்க்கான ஆங்குலர் 17 பற்றி நான் படித்த கட்டுரையில் டிஃபர் வசதிக்கே பாதி இடம். சரி, ஒரு பகுதி திரைக்கு வரும்போது மட்டும் அதற்கான நிரலை இறக்குவது பெரிய விஷயம்தான். ஆனால் அன்றாட வேலையில் அதிகம் உதவுவது, பட்டியலை வரிசை வரிசையாகத் திரையில் காட்டும் புதிய ஃபார் பிளாக். அதே வேலையைச் செய்த பழைய என்ஜிஃபாரில், எந்த வரிசை எந்தப் பொருளுக்கானது என்று அடையாளம் சொல்லும் டிராக்பை கட்டாயமில்லை. பலர் எழுதவே மாட்டார்கள். அப்படி விட்டால், சர்வரிலிருந்து அதே பட்டியல் புது ஆப்ஜெக்ட்டுகளாக வந்தால், அத்தனை வரிசையும் அழிந்து மறுபடி உருவாகும், பாதி டைப் செய்த இன்புட் பாக்ஸ் உட்பட. இப்போது ஃபார் பிளாக்கில் அந்த அடையாளத்தைச் சொல்லும் டிராக் இல்லாமல் கம்பைலே ஆகாது. அப்புறம், காலிப் பட்டியலுக்கு எம்ப்டி பிளாக் இருப்பதால் தனியாக ஒரு இஃப் எழுதும் வேலை மிச்சம். டிராக்கில் நிலையான அடையாளத்துக்குப் பதில் இன்டெக்ஸை (வரிசை எண்ணை) போட்டுத் தப்பிக்கிறவர்களைக் கம்பைலராலும் ஒன்றும் செய்ய முடியாது! பழைய டெம்ப்ளேட்டுகளை மாற்றித்தர ஆங்குலரின் கமாண்ட் லைன் கருவியான சிஎல்ஐயிலேயே கமாண்ட் இருக்கிறது, அதையும் சொல்லியிருக்கலாம்.