தகரப் படகு சொல்லித் தந்த பாடம்
‘அந்தக் காலத்துப் பொம்மைகள் பொழுதைப் போக்கின, எதையும் சொல்லித் தரவில்லை’ என்று ஒரு கட்டுரையில் இருப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. சேலம் கோட்டை மாரியம்மன் ஆடித் திருவிழாக் கடையில் அப்பா வாங்கித் தந்த தகரப் படகையே எடுத்துக்கொள்ளுங்கள். படகின் பின்பக்கக் குழாயில் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விட்டு, எண்ணெயில் நனைத்த திரியைக் கொளுத்தி உள்ளே வைத்தால், அண்டாத் தண்ணீரில் படபடவென்று சுற்றி வரும். உள்ளே தண்ணீர் கொதித்து, ஆவி குழாய் வழியாக நீரைப் பின்னால் தள்ளும். ஆவி குளிர்ந்ததும் வெளித்தண்ணீர் உள்ளே ஏறும், மறுபடி கொதிக்கும். பள்ளியில் நீராவிப் பாடம் வந்தபோது எனக்குச் சட்டென்று புரிந்ததே அந்தப் படகால்தான். பனங்காயைச் சக்கரமாக்கி ஓட்டும் நுங்கு வண்டியும் அப்படித்தான். வண்டி ஒரு பக்கமாக இழுத்தால் பனங்காயின் நடுவைப் பார்த்துக் குச்சியைச் செருக வேண்டும் என்பதை எங்கள் தெருப் பிள்ளைகள் ஓட்டி ஓட்டித் தாங்களாகவே கண்டுபிடித்தார்கள்.