அரிக்கன்சட்டியும் நாப்ஃப் மலைத் தங்கமும்

எங்கள் வீட்டுச் சாமித்தட்டில் ஒரு சின்னக் கண்ணாடிக் குப்பி இருக்கிறது. உள்ளே தண்ணீர். தண்ணீருக்கு அடியில் பதினொரு மஞ்சள் பொட்டுகள். விபூதிக்குப் பக்கத்தில் இது என்ன என்று வீட்டுக்கு வருகிறவர்கள் கேட்பார்கள். தங்கம் என்றால் சிரிப்பார்கள். சுவிஸ் ஆற்றில் எங்கள் பிள்ளைகள் அரித்து எடுத்தது என்றால் குப்பியைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார்கள். அடுத்த கேள்வி எப்போதும் ஒன்றுதான்: "எவ்வளவு தேறும்?"

அந்தக் கேள்விக்குப் பதிலாகத்தான் இதை எழுதுகிறேன்.

சுவிஸ் தங்கம் என்றால் எல்லோருக்கும் வங்கிதான் ஞாபகம் வரும். உலகத் தங்கத்தில் ஒரு பெரிய பங்கை உருக்கிச் சுத்திகரிக்கும் ஆலைகள் தெற்கே டிச்சினோ மாநிலத்துப் பக்கம் இருக்கின்றன, அதுவும் சிலருக்குத் தெரியும். ஆனால் பேர்ணுக்கும் லுட்சேர்னுக்கும் நடுவில், மாடும் சீஸும் தவிர வேறொன்றும் இல்லை என்று நாங்கள் ரயிலில் கடந்துபோகும் நாப்ஃப் மலைப்பக்கத்து ஓடைகளில் தங்கம் இருக்கிறது. 1,400 மீட்டரைச் சற்றுத் தாண்டிய மலை, அவ்வளவுதான். பக்கத்து அல்ப்ஸ் சிகரங்களோடு பார்த்தால் ஒரு மேடு.

தங்கம் அந்த மலையில் பிறந்ததில்லை. ஏறத்தாழ 2 கோடி ஆண்டுகளுக்கு முன் அல்ப்ஸ் உயர்ந்துகொண்டிருந்தபோது, அங்கிருந்து இறங்கிய ஆறுகள் கல்லையும் மணலையும் கூடவே தங்கத்துகளையும் கொண்டுவந்து இங்கே கொட்டின. அது இறுகி, உருண்டைக் கற்கள் பதிந்த பாறையானது. சுவரில் அறைந்த ஆணித்தலைகள் போலக் கற்கள் துருத்தி நிற்பதால் நாகெல்ஃப்ளூ, அதாவது ஜெர்மனில் ஆணிப்பாறை, என்கிறார்கள். கடைசிப் பனியுகத்தில் பனியாறுகள் நாப்ஃபைச் சுற்றிக்கொண்டு போயின, மேலே மூடவில்லை. மலையைச் செதுக்கியது ஓடைகள்தான். இன்றும் ஒவ்வொரு மழைக்கும் பாறை கொஞ்சம் உதிர்கிறது, ஒன்றிரண்டு பொட்டு புதிதாக ஓடைக்கு வருகிறது. லுட்சேர்ன் அரசு பல நூற்றாண்டுகள் இங்கே அரிப்பவர்களிடமிருந்து தங்கத்தை வாங்கி வந்தது. விவசாயிகளுக்கு அது பக்கத்தொழில்.

நாங்கள் போனது ரோமோஸ் ஊருக்குக் கீழே ஓடும் ஃபொன்டானெ ஓடைக்கு. (மரக்கரி சுடுகிறவர்கள் இன்னும் அந்தத் தொழிலைச் செய்யும் ஊர். புகை மணக்கும் அந்தப் பாதையைப் பற்றித் தனியாக எழுத வேண்டும்.) முதல் தடவை மகளுக்குப் பத்து வயது, மகனுக்கு ஏழு. அம்மாவும் வந்திருந்தா. வழிகாட்டி ஒருவர் கறுப்புப் பிளாஸ்டிக் தட்டுகளைக் கொடுத்தார். தட்டின் ஒரு பக்கத்தில் படிப்படியாக வரிகள். அவர் விளக்கத் தொடங்கவில்லை, அதற்குள் அம்மா தட்டை வாங்கித் தடவிப் பார்த்துவிட்டுச் சொன்னா: "உது அரிக்கன்சட்டி எல்லோ!"

ஊரில் அரிக்கன்சட்டியில் அரிசி களைந்தவர்களுக்கு அதற்குமேல் விளக்கம் தேவையில்லை. உட்புறம் வரி வரியாகக் கீறிய சட்டி. தண்ணீர் விட்டு மெல்ல ஆட்டினால் அரிசி அலையோடு வெளியே போகும், கல் வரிக்குள் தங்கும். இங்கேயும் அதே கைதான், தேடுவது மட்டும் மாறுகிறது. தங்கம் தண்ணீரைப்போல் 19 மடங்குக்கு மேல் கனம், சாதாரண மணல் மூன்று மடங்குகூட இல்லை. ஆட்ட ஆட்ட மணல் போய்விடும். கடைசியில் ஒரு பிறைபோலக் கரும்மணல் மிஞ்சும், இரும்புத்தாது கலந்தது. அதன் விளிம்பில் பொட்டு இருந்தால் இருக்கும். காந்தம் வைத்தால் கரும்மணலில் பாதி எழுந்து ஒட்டிக்கொள்வதைப் பார்க்கப் பிள்ளைகளுக்குத் தங்கத்தைவிட ஆசை.

அம்மாவுக்கு எழுபது வயது. இருபது நிமிடத்தில் முதல் பொட்டை எடுத்தது அவதான். வழிகாட்டி என்னிடம் மெதுவாக, இவர் இதற்குமுன் எங்கே அரித்தவர் என்று கேட்டார். குசினியில் என்றேன்.

இனி, நான் செய்த ஒரு பிழை.

மகனுக்கு மூன்று மணித்தியாலமாக ஒன்றும் கிடைக்கவில்லை. ஜூலை மாதம், ஆனாலும் தண்ணீர் எலும்பைக் குடைகிற குளிர். உதடு நடுங்குகிறது, அழவில்லை, தட்டை விடவும் இல்லை. என்னால் தாங்க முடியவில்லை. அவன் கல்லெடுக்கத் திரும்பியபோது என் குப்பியிலிருந்து ஒரு பொட்டை அவனுடைய தட்டில் விட்டேன்.

கண்டதும் கத்தினான். ஓடை முழுக்கக் கேட்டது. எனக்கும் மனம் குளிர்ந்தது. அப்புறம்தான் நடந்தது. அவன் அந்த மணலை அள்ளிய இடத்துக்கே திரும்பிப் போய் இன்னும் ஒரு மணித்தியாலம் தோண்டினான். அது தண்ணீர் வேகமாகப் பாயும் நடுஓடை. தங்கம் அங்கே நிற்காது. பெரிய கல்லின் பின்பக்கம், வளைவின் உட்புறம், பாறை வெடிப்பு, இப்படித் தண்ணீர் களைத்துப்போகும் இடங்களில்தான் கனமானது விழும். காலையில் அதைக் கவனமாகக் கேட்ட பிள்ளை, மாலையில் அதை நம்பவில்லை. அவன் கண்ணால் கண்ட சாட்சி வேறு சொன்னது. அந்தச் சாட்சியைப் பொய்யாக்கியது நான்.

வீட்டுக்கு வரும் ரயிலில் உண்மையைச் சொன்னேன். வொல்ஹூசன் தாண்டும்வரை பேசவில்லை. பிறகு, "அப்ப அந்தக் கல்லுக்குப் பின்னால தோண்டியிருக்க வேணும்," என்றான். கோபமெல்லாம் அந்த ஒரு மணித்தியாலத்தைப் பற்றித்தான்.

அதனால்தான், சுற்றுலாவுக்கு வருபவர்கள் வெறுங்கையோடு போகக் கூடாது என்று தொட்டி மணலில் தங்கத்துகளைத் தூவி வைக்கிற இடங்களுக்குப் பிள்ளைகளைக் கூட்டிப் போகாதீர்கள் என்கிறேன். காசுக்குத் தங்கம் கிடைத்துவிடும், உண்மைதான். ஆனால் அங்கே பிள்ளை தோண்டுகிற இடத்துக்கும் கிடைப்பதற்கும் ஒரு தொடர்பும் இல்லை. எங்கே தோண்டினாலும் ஒன்று. ஓடையைப் பார்த்து, தண்ணீர் எங்கே வேகம் குறைகிறது என்று யோசித்து, தவறி, இடம் மாறி, மறுபடி யோசிக்கிற வேலை முழுவதும் அங்கே பறிபோகிறது. அதுதான் இந்த விளையாட்டே.

அடுத்த வருடம் மகன் நேரே ஒரு மாட்டளவுக் கல்லின் பின்பக்கம் போய்க் குந்தினான். இரண்டு பொட்டுகள். இரண்டும் அவனுடையவை.

சரி, எவ்வளவு தேறும்? மகள் கணக்குப் பார்த்தாள். ஒரு மில்லிமீட்டர் அகலப் பொட்டு ஏறத்தாழ ஒரு மில்லிகிராம். ஒரு பவுன் 8 கிராம், அதாவது எட்டாயிரம் பொட்டு. நாளுக்கு இருபது எடுத்தாலும் நானூறு நாள் தண்ணீருக்குள் நிற்க வேண்டும். கணக்கை முடித்துவிட்டு அவள் கேட்டாள்: "அம்மம்மா, உங்கட தாலிக்கொடி எத்தனை பவுன்?"

பன்னிரண்டு. அது இப்போது இல்லை. அண்ணாவை வெளியே அனுப்ப ஏஜென்சிக்குக் கட்டிய காசு அது. எங்கள் வீடுகளில் தங்கம் என்றால் இப்படித்தான்: அடகு, மீட்பு, சீதனம், பயணம். அம்மா அந்தக் கதையைப் பேரப்பிள்ளைகளுக்கு முதன்முதலாகச் சொன்னது அந்த ஓடைக்கரையில், ஈரக் காலுறையைப் பிழிந்துகொண்டு. நான் கேட்டபோதெல்லாம் "அதை விடு" என்று முடித்தவ. பன்னிரண்டை எட்டாயிரத்தால் பெருக்கிப் பார்த்துவிட்டு மகள் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு இருந்தாள். தொண்ணூற்றாறாயிரம் பொட்டு.

போக நினைப்பவர்களுக்குச் சில விஷயம். விதிகள் கன்டோனுக்குக் கன்டோன் (சுவிஸ் மாநிலம்) வேறு, எந்த ஓடை, எந்த மாதம் என்று முதலில் கேட்டு அறியுங்கள். இலையுதிர் காலத்திலிருந்து திரவுட் மீன்கள் கூழாங்கல்லுக்குள் முட்டையிடும். தங்கம் இருக்கும் அதே கல்லைத்தான் அவையும் நம்பியிருக்கின்றன, அந்தக் காலத்தில் தயவுசெய்து தோண்ட வேண்டாம். தோண்டிய குழியை மூடிவிட்டு வாருங்கள். மலையில் இடி கேட்டால் உங்கள் தலைக்குமேல் வானம் நீலமாக இருந்தாலும் உடனே கரையேறுங்கள், அந்த ஓடைகள் சட்டென்று பெருகும். மாற்று உடுப்பு இரண்டு சோடி, சுடுநீர்ப் போத்தலில் தேநீர்.

ஆகஸ்டில் மறுபடி போகிறோம். ஊரிலிருந்து கொண்டுவந்த மண் அரிக்கன்சட்டியையும் எடுத்துப்போக வேண்டும் என்று மகள் நிற்கிறாள். பிளாஸ்டிக் தட்டோடு போட்டி வைத்துப் பார்க்கப் போகிறாளாம். கல்லில் பட்டால் வெடித்துவிடும் என்று அம்மா இன்னும் சம்மதிக்கவில்லை. ஆனால் நேற்று அலுமாரியின் மேல்தட்டிலிருந்து அதை இறக்கிக் கழுவிக் காய வைத்திருந்தா.