காண்ட்ராக்ட், பெர்மனென்ட், இரண்டுக்கும் நடுவில் ஒரு பொறி

ஐடி ஆட்களிடம் காண்ட்ராக்ட் வேலை பற்றிப் பேச்செடுத்தால் ஐந்தே நிமிடத்தில் பேச்சு ரேட்டில் வந்து நிற்கும். "ஒரு நாளைக்கு எவ்வளவு தர்றாங்க?" வரும் பதிலை மாதத்து வேலைநாள் 22ஆல் பெருக்கி, அதை 12ஆல் பெருக்கி, இப்போது வாங்கும் சம்பளத்துக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு ராஜினாமா கடிதம் எழுத உட்கார்ந்துவிடுகிறார்கள். இரண்டு பக்கமும் வேலை பார்த்திருக்கிறேன். இப்போது ஆள் எடுக்கும் பக்கத்திலும் இருக்கிறேன். அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுமையாகப் படியுங்கள்.

முதலில் அந்தக் கணக்கையே சரிசெய்வோம். வருடத்துக்கு 365 நாள். சனி, ஞாயிறு 104 போனால் 261. பொது விடுமுறை ஒரு பத்து, சொந்த விடுப்பு பதினைந்து, உடம்பு முடியாத நாள் ஆறு என்று கழித்தால் 230. பெர்மனென்ட்டில் இந்த 31 நாளுக்கும் சம்பளம் உண்டு, காண்ட்ராக்டில் கிடையாது. ஒரு காண்ட்ராக்ட் முடிந்து அடுத்தது கையெழுத்தாவதற்குள் ஒரு மாதம் சும்மா இருக்க நேர்ந்தால் இன்னும் 20 வேலைநாள் போய்விடும். மிச்சம் 210. ஆக, இப்போதைய ஆண்டுச் சம்பளத்தை 261ஆல் வகுக்கக் கூடாது, 210ஆல் வகுக்க வேண்டும். இழப்பில்லாமல் இருக்கவே ரேட் கால் பங்கு கூடுதலாக வேண்டும் என்று அங்கேயே தெரிந்துவிடும். மருத்துவக் காப்பீடு, ஓய்வுக்கால நிதியில் கம்பெனி போடும் பங்கு, போனஸ், கம்பெனிப் பங்குகள், ஆடிட்டர் செலவு, புதிதாக ஒன்றைப் படிக்கும் செலவு எல்லாம் அதற்கு மேல். ஒன்றரை மடங்குக்குக் கீழே ஒரு ரேட் சொன்னால் அதை உயர்வு என்று நான் எண்ணவே மாட்டேன்.

உடனே ஒரு பதில் வரும்: "பெர்மனென்ட் மட்டும் என்ன நிரந்தரமா?" நியாயமான கேள்விதான். 2022 நவம்பரில் ஃபேஸ்புக்கை நடத்தும் மெட்டா 11,000 பேரை வேலையை விட்டு அனுப்பியது. 2023 ஜனவரியில் மைக்ரோசாஃப்ட் 10,000, கூகுள் 12,000 என்று அறிவித்தன. காலையில் எழுந்து லாகின் போகாததை வைத்தே வேலை போனதைத் தெரிந்துகொண்டவர்கள் உண்டு. ஆனால் இதிலிருந்து "அப்படியானால் இரண்டும் ஒன்றுதான்" என்ற முடிவுக்கு வருவதை என்னால் ஏற்க முடியவில்லை. மெட்டாவும் கூகுளும் அமெரிக்க ஊழியர்களுக்கு 16 வாரச் சம்பளமும், வேலை பார்த்த ஒவ்வொரு வருடத்துக்கும் கூடுதலாக இரண்டு வாரச் சம்பளமும் அறிவித்தன. அதே 2022 நவம்பரில் ட்விட்டரில் ஊழியர்களை அனுப்பிய கையோடு காண்ட்ராக்டர்களையும் பெருமளவில் நீக்கினார்கள். பலருக்கு அக்கவுண்ட் முடங்கியபோதுதான் விஷயமே தெரிந்தது. வேலை போவது இரண்டு பக்கமும் நடக்கும். போன மறுநாள் எப்படி விடிகிறது என்பதில்தான் வித்தியாசம்.

பெர்மனென்ட் வேலை தரும் பெரிய விஷயமாக நான் நினைப்பது கற்றுக்கொள்ள வாய்க்கும் அவகாசத்தை. அதனால்தான் முதல் வேலையாகக் காண்ட்ராக்டைத் தேடுகிற தம்பி தங்கைகளிடம் வேண்டாம் என்று கெஞ்சாத குறையாகச் சொல்கிறேன். காண்ட்ராக்டரை எடுப்பதே அவருக்கு ஏற்கெனவே தெரிந்ததற்காக. ஒரு சீனியர் பக்கத்தில் உட்கார்ந்து, "இந்த டேட்டாபேஸ் டேபிளை ஏன் இப்படிப் பிரித்தாய், நாளைக்கு டேட்டா பத்து மடங்கானால் இந்தக் குவெரி என்ன ஆகும்?" என்று கேட்டு ஒரு மதியம் முழுவதையும் செலவழிப்பது சம்பளப்பட்டியலில் இருக்கும் ஜூனியருக்கு நடக்கும். மணிக்கணக்கில் பில் போடும் ஆளுக்கு அந்த மதியத்தை யாரும் தர மாட்டார்கள். தர வேண்டும் என்று எதிர்பார்க்கவும் முடியாது. எழுதிய கோட் ஒரு வருடம் கழித்து எங்கே உடைகிறது என்று கூட இருந்து பார்ப்பதும் ஒரு படிப்பு. ஆறு மாதத்தில் கிளம்புகிறவருக்கு அந்தப் படிப்பு கிடைப்பதில்லை.

கைவசம் ஒரு தொழில் உறுதியாக வந்துவிட்டவர்களின் கதை வேறு. டேட்டா மைக்ரேஷன், செக்யூரிட்டி, பழைய மெயின்ஃப்ரேம் (பெரிய மையக் கணினி) என்று கம்பெனிக்கு வருடம் முழுக்கத் தேவைப்படாத, தேவைப்படும்போது அவசரமாகத் தேவைப்படுகிற திறமை இருந்தால் காண்ட்ராக்ட் அருமையான ஏற்பாடு. அப்ரைசல் நாடகம் இல்லை, என்ன வேலை, எப்போது முடியும் என்று தெளிவாக இருக்கும், வெவ்வேறு கம்பெனிகள் ஒரே சிக்கலை எப்படித் தீர்க்கின்றன என்று பார்க்கலாம். ஒன்று மட்டும் கவனம்: அந்தத் தேவைக்கும் ஒரு முடிவு தேதி இருக்கலாம். 2000ஆம் ஆண்டு பிறக்கும்போது தேதிக் கணக்கு பிசகாமல் பழைய புரோகிராம்களைத் திருத்தும் ஒய்2கே வேலைக்கு, 1990களின் கடைசியில் கோபோல் (COBOL) என்ற பழைய புரோகிராம் மொழி தெரிந்தவர்களைத் தேடித் தேடி எடுத்தார்கள். 2000 ஜனவரி 1 தாண்டியதும் அந்த வேலை வற்றியது, சீக்கிரமே இணையக் கம்பெனிகள் கவிழ்ந்த டாட்காம் சரிவும் வந்தது. ஆறு மாதச் செலவுக்காவது கையில் பணம் இல்லாமல் இந்தப் பக்கம் வருவது ஆபத்து. பணம் இல்லாதவரால் குறைந்த ரேட்டுக்கு "முடியாது" என்று சொல்ல முடியாது.

இதுவரை சொன்ன இரண்டுமே மரியாதையான வழிகள். எனக்குக் கோபம் வருவது மூன்றாவதன் மேல். பெயருக்குக் காண்ட்ராக்ட், நடப்பில் பெர்மனென்ட். ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால்.

நான் இருந்த ஒரு டீமில் அப்படி ஒருவர் இருந்தார். பேமெண்ட் மாட்யூல் முழுக்க அவர் எழுதியது. ராத்திரி புரொடக்‌ஷனில் (வாடிக்கையாளர்கள் பயன்படுத்தும் சிஸ்டத்தில்) எது விழுந்தாலும் முதல் போன் அவருக்குத்தான். ஆனால் எல்லாரும் கூடும் ஆல்-ஹேண்ட்ஸ் மீட்டிங்குக்கு அவருக்கு மட்டும் இன்வைட் வராது. அடையாள அட்டையின் நிறமும் வேறு. காண்ட்ராக்டை நீட்டிக்கும் எக்ஸ்டென்ஷன் மெயில், காண்ட்ராக்ட் முடிகிற கடைசி வெள்ளிக்கிழமை சாயங்காலம்தான் வரும். அதுவரை அந்த வாரம் முழுக்க அவர் தன் வேலையை அடுத்தவரிடம் ஒப்படைப்பதற்கான கேடி (KT) டாக்குமெண்டையும் எழுதிக்கொண்டு, அடுத்த ஸ்பிரிண்ட் (குறுகிய வேலைச் சுற்று) வேலைக்கு எஸ்டிமேட்டும் கொடுத்துக்கொண்டிருப்பார். வருடக்கணக்காக இப்படியே போனது. ரேட் மட்டும் ஏறவில்லை.

இது புதிதும் அல்ல. மைக்ரோசாஃப்டில் ஃப்ரீலான்ஸர் என்ற பெயரில் ஊழியர்களுக்கு நடுவிலேயே உட்கார்ந்து வேலை பார்த்தவர்களை, அவர்கள் உண்மையில் ஊழியர்களே என்று அமெரிக்க வரித்துறை சொன்னது. பங்குகளைச் சலுகை விலையில் வாங்கும் திட்டம் உள்ளிட்ட பலன்களைக் கேட்டு 1992இல் வழக்குப் போட்டார்கள். 2000 டிசம்பரில்தான் 9.7 கோடி டாலருக்குச் சமரசம் ஆனது. எட்டு வருடம்! அதற்குள் என்ன நடந்தது? ஏஜென்சி ஆட்களுக்கு ஒரு வருட வேலை, பிறகு 100 நாள் கட்டாய இடைவெளி என்று விதி வந்தது. சலுகை கேட்டவர்களுக்கு இடைவெளி கிடைத்தது. சட்டம் நம் பக்கம் தீர்ப்புச் சொன்னாலும் கம்பெனி அதற்கு ஏற்ப ஏற்பாட்டைத்தான் மாற்றிக்கொள்கிறது. அதனால் கையெழுத்துக்கு முன்பே நாம் விழித்துக்கொள்வது நல்லது.

விழித்துக்கொள்ள பிரிட்டனின் ஐஆர்35 வரி விதி உதவும். 2000இல் வந்த விதி. ஒருவர் உண்மையில் சுயதொழில் செய்கிறாரா, மறைமுக ஊழியரா என்று பார்க்க அங்கே கேட்கும் கேள்விகளை எந்த நாட்டில் இருப்பவரும் தன்னைக் கேட்டுக்கொள்ளலாம். வேலையை எப்படிச் செய்வது என்று முடிவெடுப்பது யார்? நான் வர முடியாத நாளில் தகுதியான இன்னொருவரை அனுப்ப முடியுமா? ஒப்புக்கொண்ட வேலை முடிந்தபின் அடுத்த வேலையைத் தர அவர்களுக்கோ, ஏற்க எனக்கோ கட்டாயம் உண்டா? பதில்கள் எல்லாம் ஊழியர் பக்கமே விழுந்தால், ஊழியருக்கு உரியதைக் கேளுங்கள். இல்லையென்றால் காண்ட்ராக்டருக்கு உரிய ரேட்டைக் கேளுங்கள். இரண்டும் தர மாட்டேன் என்றால் அந்த இடத்தை விட்டுவிடுங்கள்.

ஒப்பந்தத்தில் நான் முதலில் தேடுவது நோட்டீஸ். கிளையன்ட், அதாவது நீங்கள் வேலை பார்க்கும் கம்பெனி, உங்களை ஒரு வாரத்தில் அனுப்பலாம், நீங்கள் மட்டும் ஒரு மாதம் முன்பே சொல்ல வேண்டும் என்று எழுதியிருப்பார்கள். இரண்டு பக்கமும் ஒரே கால அளவாக மாற்றச் சொல்லுங்கள், பெரும்பாலும் மாற்றித் தருவார்கள். அடுத்து, கிளையன்ட் பணம் தந்த பிறகுதான் வெண்டர் (நடுவில் நின்று உங்களை அனுப்பும் ஏஜென்சி) உங்களுக்குத் தருவார் என்ற வரி. வெண்டர் மார்ஜின் எடுப்பதே அந்தக் காத்திருப்பையும் சேர்த்துச் சுமப்பதற்குத்தான், அந்த வரிக்கு ஒப்புக்கொள்ளவே கூடாது. காண்ட்ராக்ட் முடிந்தபின் அதே கிளையன்டிடம் நேரடியாகச் சேரக் கூடாது என்ற தடை எத்தனை மாதம் என்றும் பாருங்கள். "பிறகு பெர்மனென்ட் ஆக்குவோம்" என்று வாயால் சொன்னால், எந்த மாதம், எந்தச் சம்பளம் என்று மெயிலில் கேளுங்கள். பதில் மெயில் வரவில்லையென்றால் அந்தப் பேச்சைக் கணக்கில் சேர்க்காமல் ரேட்டைப் பேசுங்கள்.

கையில் ஆஃபர் வைத்துக்கொண்டு குழம்புகிறவர்கள் கம்பெனிப் பெயரை மறைத்துவிட்டு, மேலே சொன்ன வரிகளை மட்டும் அனுப்புங்கள். எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.