மைக்கைப் பிடுங்கிட்டீங்க, கதை இன்னும் முடியல

ஞாயித்துக்கிழமை சென்னை அசோக் நகர் ஹால்ல எங்க மன்னார்குடி ஸ்கூல் பேட்ச் ஒண்ணுகூடல்ல நடந்ததைப் பத்தி இனிமே வாயைத் திறக்க வேண்டாம்னுதான் இருந்தேன். வீடியோவை எல்லாரும் பாத்தாச்சு. இன்பாக்ஸ்ல வந்து "விடுங்கக்கா, பெருசு பண்ணாதீங்க"ன்னு ஆறுதலும் சொல்லியாச்சு. ஆனா நேத்து ராத்திரி பேட்ச் குரூப்புல ஒரு மெசேஜ்: சில பேர் இடம் பொருள் ஏவல் தெரியாமப் பேசிட்டாங்களாம், மத்தபடி விழா இனிதே முடிஞ்சதாம். கீழ வரிசையா கும்பிடு. சில பேராம்! மைக்கைப் பிடுங்கினது என் ஒருத்தி கையிலேருந்துதான்.

நான் சொல்ல வந்தது ஒரு பள்ளிக்கூடக் குறும்பு. "ஸ்கூல் நாள்ல மறக்க முடியாத சேட்டை ஒண்ணு சொல்லுங்க"ன்னு கேட்டது நீங்க. நானா ஓடிவந்து மேடை ஏறல.

எனக்கு முன்னாடி பேசினவங்க என்ன திருக்குறளா சொன்னாங்க? ஒருத்தர், பி.டி. மாஸ்டர் சைக்கிள்ல காத்தைப் பிடுங்கி விட்டு அவர் வடசேரி ரோடு பூரா தள்ளிக்கிட்டே போன கதை. இன்னொருத்தர், பாமணி ஆத்துல குளிச்சவனோட துணிமணியைத் தூக்கிட்டு ஓடி, அவன் பொழுது சாயற வரைக்கும் கழுத்தளவு தண்ணியில நின்னு, கடைசியில வாழை இலையோட வீடு வந்த கதை. அந்த ஆளு முன்வரிசையிலதான் உட்கார்ந்திருந்தார், பக்கத்துல சம்சாரம், கல்லூரி படிக்கிற பொண்ணு. ஹாலே சிரிச்சுது. நானும்தான் சிரிச்சேன். கண்ணுல தண்ணி வர சிரிச்சேன்.

அப்புறம் நான் எழுந்து "எங்க கிளாஸ்ல ஒருத்தி தாவணியில கறை..."ன்னு ஆரம்பிச்சதும் ஒருங்கிணைப்பாளர் ஓடி வர்றார். "மேடம், குழந்தைங்கல்லாம் இருக்காங்க, வேற ஏதாவது நல்ல நினைவா சொல்லுங்களேன்." மைக் போச்சு. அடுத்த நிமிஷம் கரோக்கி.

அம்மணமா ஆத்துல நின்னவன் கதைக்குக் குழந்தைங்க இருக்கலாம். தாவணிக் கறைன்னா மட்டும் குழந்தைங்களுக்குக் காது முளைச்சிடுது.

இதுல எனக்கு எரிச்சல் என்னன்னா, கதையில குறும்பு வர்ற இடத்துக்கே நான் வரல. கேட்டவங்க காதுல விழுந்தது கறை மட்டும்தான். அதனால மிச்சத்தை இங்க சொல்றேன். இங்க மைக் என்னுது.

பிளஸ் டூ, 1996. நீலப் பாவாடை, வெள்ளைத் தாவணி. அந்த யூனிஃபார்மை யார் கண்டுபிடிச்சாங்களோ, மாசத்துல மூணு நாள் அவங்களை நினைக்காத பொண்ணு மன்னார்குடியில இருந்திருக்க மாட்டா. மத்தியானம் பிசிக்ஸ் பீரியட்ல ஒருத்தியை போர்டுல கணக்குப் போடக் கூப்பிட்டாங்க. எழுந்து போறா. பின்னாடி பெஞ்சுல இருந்த எங்களுக்குத் தெரியுது, தாவணி இடுப்பைச் சுத்தி வர்ற இடத்துல எட்டணா அளவுக்கு. அவளுக்குத் தெரியல. அவ திரும்பி வந்து உட்கார்ந்ததும் பக்கத்துல இருந்தவ காதுல சொன்னா. அப்பப் போன முகம் அவளுக்கு மணி அடிக்கிற வரைக்கும் திரும்பல. ஸ்கூல்லேருந்து பஸ் ஸ்டாண்டுக்கு பந்தலடி வழியாத்தான் போகணும். அங்க டீக்கடைக்கு டீக்கடை யார் நிப்பாங்கன்னு ஹால்ல சிரிச்ச அண்ணன்மார்களுக்கே நல்லாத் தெரியும்.

பீரியட் முடிஞ்சு டீச்சர் வெளிய போனதும், எங்கள்ல ஒருத்தி ஹீரோ பேனாவைத் திறந்து அவ முதுகுல ஒரு உதறு உதறினா. பிரில் மை, தோள்லேருந்து இடுப்பு வரைக்கும் சொட்டுச் சொட்டா. அவ அழப்போறான்னு பாத்தா, இவ அதே பேனாவைத் தன் தாவணி மேலயும் உதறிக்கிட்டா. அவ்வளவுதான். கிளாஸ் பூரா பேனா திறந்துச்சு. ஒருத்தி மை பாட்டிலையே கொண்டு வந்தா. கடைசிப் பரீட்சை அன்னிக்கு மை தெளிச்சுக்கிறது எல்லா ஊர் வழக்கம்தான், நாங்க அரையாண்டுக்கு முன்னாடியே முடிச்சுட்டோம். சாயங்காலம் பந்தலடியில ஒரு வகுப்பே நீலப் புள்ளியோட, கைகோத்துக்கிட்டு, சிரிச்சுக்கிட்டு நடந்து போச்சு. எவன் எதைப் பாப்பான்?

மறுநாள் பிரேயர்ல ஹெச்.எம். கொடிக்கம்பத்தடியில எல்லாரையும் முட்டி போட வெச்சாங்க. "பொம்பளப் புள்ளைங்களா நீங்க?" ஒருத்தி வாயைத் திறக்கல. காரணத்தைச் சொல்லியிருந்தா அஞ்சு நிமிஷத்துல விட்டிருப்பாங்க, சொல்லல. வீட்டுல எங்கம்மா எலுமிச்சம்பழமும் உப்பும் போட்டுத் தேச்சு, போகாதுன்னு தெரிஞ்சதும் சொட்டு நீலத்தை ரெண்டு பங்கு விட்டு அலசினாங்க. மார்ச் பரீட்சை வரைக்கும் என் தாவணி வெளிர்நீலம்தான்.

இதுதான் நான் சொல்ல வந்த அசிங்கமான கதை.

"இருந்தாலும் ஃபேமிலி ஃபங்ஷன்ல..."ன்னு இழுக்கிறவங்களுக்கு: உங்க ஃபேமிலி கிரிக்கெட் மேட்ச் பாக்கும்போது நடுவுல நாப்கின் விளம்பரம் வருதே, அப்ப டி.வி.யைத் துணி போட்டு மூடுவீங்களா? 2011ல நம்ம அரசாங்கமே புதுயுகம்னு ஒரு திட்டம் போட்டு வளரிளம் பெண்களுக்கு இலவசமா நாப்கின் கொடுக்க ஆரம்பிச்சுது. 2018 ஜூலையில அதுக்கு இருந்த 12 சதவீத ஜி.எஸ்.டி.யை எடுத்தாங்க, ஜி.எஸ்.டி. கவுன்சில்லயே உட்கார்ந்து பேசினாங்க. மலிவு விலை நாப்கின் மெஷின் கண்டுபிடிச்ச கோயம்புத்தூர் முருகானந்தம் இதையே ஊர் ஊராப் பேசி 2016ல பத்மஸ்ரீ வாங்கினார். எனக்கு பத்மஸ்ரீ வேண்டாம் சாமி, ரெண்டு நிமிஷம் மைக் போதும்னேன். அதுக்கே ஒரு ஆம்பளை ஓடி வர்றார்.

"இந்தக் குறும்பைக் கொண்டாடிக் கொண்டாடித்தான் ராகிங் வரைக்கும் போச்சு"ன்னு ஒரு புத்திசாலி கமெண்ட். ஐயா, நாங்க பிளஸ் டூ படிச்ச அதே வருஷம்தான் சிதம்பரத்துல மெடிக்கல் காலேஜ் மாணவன் நாவரசை ராகிங்ல கொன்னாங்க. பேப்பரைப் படிச்சுட்டு எங்க ஊர்ல ஹாஸ்டலுக்குப் பிள்ளையை அனுப்பின வீடெல்லாம் நடுங்குச்சு. அடுத்த வருஷம், 1997ல, ராகிங் தடைச் சட்டம் வந்தது. அந்தப் பயம் எனக்கும் தெரியும். ஒருத்தனை எல்லாரும் சேர்ந்து தனியா நிறுத்துறதுக்கும், தனியா நின்னுடுவாளோன்னு எல்லாரும் சேர்ந்து அவ பக்கத்துல போய் நிக்கறதுக்கும் வித்தியாசம் தெரியாதவங்களுக்கு நான் பாடம் எடுக்க முடியாது. அப்படி எடுக்கணும்னா ஆத்தங்கரைக் கதையிலேருந்து ஆரம்பிங்க. அந்த வாழை இலைக்காரர் அன்னிக்குச் சிரிச்சாரான்னு அவரைக் கேளுங்க.

"அந்தப் பொண்ணுக்குச் சங்கடமா இருக்காதா, அவகிட்டக் கேட்டீங்களா?" இதை மட்டும் ஏழெட்டுப் பேர் கேட்டுட்டீங்க. நான் பேர் சொல்லல. அவ எனக்கு முப்பது வருஷ சிநேகிதி. எங்களுக்குள்ள நாங்க பேசிக்குவோம், அதுக்கு உங்க பஞ்சாயத்து தேவையில்ல.

சரி, "நல்ல நினைவு"தானே வேணும்? இருக்கு. எங்க ஸ்கூல் மணி ஒரு தண்டவாளத் துண்டு. வேப்பமரத்துல கம்பி கட்டித் தொங்கும், அடிக்கிற இரும்புத் தடி ஆபீஸ் ஜன்னல்ல சாத்தி இருக்கும். (எங்க ஊருக்கு அப்ப ரயிலே கிடையாது, ரயில் ஏறணும்னா நீடாமங்கலம் போகணும். தண்டவாளம் மட்டும் எப்படி வந்ததுன்னு இன்னிக்கு வரைக்கும் தெரியல.) ஒரு நாள் அந்தத் தடியை லாங் ஜம்ப் குழி மணல்ல புதைச்சுட்டோம். ஸ்கூலே நின்னுடும்னு கணக்கு. என்ன நடந்துச்சு? மணி அடிக்கலைன்னா பீரியட் முடியாது. மேத்ஸ் டீச்சர் பாட்டுக்கு இன்டெக்ரேஷன்ல போயிக்கிட்டே இருக்காங்க, பதினஞ்சு நிமிஷம், இருபது நிமிஷம். கடைசியில ஆயாம்மா சத்துணவுக் கூடத்துலேருந்து சாம்பார்க் கரண்டியைக் கொண்டு வந்து டொய்ங் டொய்ங்னு அடிச்சாங்க. அந்த வாரம் பூரா எங்களுக்குக் கரண்டி மணிதான்.

பினாப்தலீன் கதையும் இருக்கு. பேசினவங்க பேரை எல்லாம் போர்டுல எழுதுற கிளாஸ் லீடர் தாவணியில கெமிஸ்ட்ரி லேப்ல ரெண்டு டிராப்பர் தெளிச்சு விட்டோம். நிறமே தெரியாது. வீட்டுல அவங்கம்மா துவைக்கிற கல்லுல பார் சோப்பு போட்டதும் ரோஸ் கலர்ல பொங்குச்சாம், அக்கம்பக்கத்துல கூப்பிட்டுக் காட்டினாங்களாம். லஞ்ச ஒழிப்புத் துறையில ரசாயனம் தடவின நோட்டைக் கொடுத்து ஆளைப் பிடிக்கிறாங்களே, அதே சரக்குதான். ஆனா அதுலயும் தாவணி வருது, கறை வருது, வேண்டாம். மறுபடியும் யாராவது ஓடி வருவாங்க.

எனக்கு வலிக்கிறது மைக்குக்காக மட்டும் இல்ல. ஹாலைச் சுத்திப் பாத்தேன். பசங்க பக்கம் பேட்ச்ல முக்கால்வாசிப் பேர் வந்தாச்சு. மன்னை எக்ஸ்பிரஸ் பிடிச்சு எழும்பூர்ல இறங்கி நேரா வந்தவங்க உண்டு, துபாய்லேருந்து லீவு போட்டு வந்தவர் உண்டு. எங்க பக்கம் ரெண்டு வரிசை நிறையல. எங்களைத் தேடறது அவ்வளவு சுலபம் இல்ல சார். ரிசல்ட் வர்றதுக்கு முன்னாடியே கல்யாணமாகிப் போனவங்க, பேருக்குப் பின்னாடி யார் பேரோ ஒட்டிக்கிட்டவங்க, முகநூல்ல சொந்தப் படத்துக்குப் பதிலா பிள்ளை படத்தை வெச்சிருக்கவங்க. மேத்ஸ் பீரியட்ல போர்டுல இன்டெக்ரேஷன் போட்டு முடிச்ச வேறொருத்தி இப்ப எந்த ஊர்ல இருக்கான்னே யாருக்கும் தெரியல. இவ்வளவையும் தாண்டி வந்து சேர்ந்தவங்களுக்கு அந்த ஸ்கூல்ல மிச்சம் இருக்கிறது இந்த மாதிரி நாலு கதை. அதுலயும் எது நல்ல நினைவு, எது கெட்ட நினைவுன்னு நீங்கதான் முத்திரை குத்துவீங்களா?

வந்திருந்த பொண்ணுங்களே சில பேர் கும்பிடு போட்டிருக்கீங்க, பாத்தேன். முட்டி போட்டப்ப எனக்குப் பக்கத்துல இருந்தவளும் அதுல ஒருத்தி. சரி, வீட்டுக்காரர் அதே குரூப்புல இருக்கார், புரியுது.

இடம் பொருள் ஏவல் தெரிஞ்ச ஒருங்கிணைப்பாளர் சாருக்கு ஒரே ஒரு விண்ணப்பம். தலைக்கு ஆயிரம் ரூபாய் வாங்கினீங்க, ஹால் வாடகை, சாப்பாடு, அந்தக் கரோக்கி செட் எல்லாம் சேர்த்துக் கணக்கு இன்னும் குரூப்புல வரல. அதைக் குழந்தைங்க இருந்தாலும் போடலாம்.