விளையாடுகிற பிள்ளை மறந்துவிட்டது என்று அர்த்தமில்லை

மேலே ஒரு அண்ணன், "பிள்ளையை இழந்த வீட்டில் அந்தப் பேரையே எடுக்காதீங்க, கூடப் பிறந்தது ஓடியாடி விளையாடினா மறந்துடுச்சுன்னு அர்த்தம்" என்று எழுதியிருக்கிறார். நல்ல மனதோடுதான் சொல்கிறீர்கள், ஆனால் அது தவறு அண்ணா.

சிறு பிள்ளைகளுக்குத் துக்கம் விட்டுவிட்டு வரும். இப்போது அழுவார்கள், அடுத்த நிமிடம் விளையாடப் போய்விடுவார்கள். எங்கள் பெரியவன் போன பிறகு வந்த முதல் கோடையில் சின்னவளைக் கடலூர் சில்வர் பீச்சுக்குக் கூட்டிப் போனோம். ஒரு மணி நேரம் மணலில் சிரித்து விளையாடினாள். வீட்டுக்கு வந்து பண்ருட்டிப் பலாவை அறுத்தேன். கையெல்லாம் எண்ணெயும் பாலுமாக நான் சுளை எடுத்துப் போட, அவள் ஐந்து சுளையைத் தனித் தட்டில் எடுத்து வைத்து, "இது அண்ணனுக்கு" என்றாள். மாமியார் சட்டென்று தட்டை எடுக்கப் போனார். நான் விடவில்லை. அன்றைக்குத்தான் எல்லோரும் அவனைப் பற்றி வாய்விட்டுப் பேசினோம்.

"அண்ணன் தூங்குறான்" என்றும் சொல்லாதீர்கள். ஐந்து வயதுக்குள் இருக்கும் பிள்ளைகளுக்கு, இறந்தவர் திரும்பி வரமாட்டார் என்பது பெரும்பாலும் புரியாது. "தூங்குறான்" என்று கேட்டால் தாங்களும் தூங்கவே பயப்படலாம். இறந்துவிட்டான், அவன் உடம்பு இனி இயங்காது, உன்மேல் தப்பில்லை என்று நேராகவே சொல்லலாம்.

அப்புறம், தூக்கமும் சாப்பாடும் மாதக்கணக்கில் சரியாகவில்லை என்றால் 14416-க்கு அழையுங்கள். டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண் அது. இலவசம், தமிழிலேயே பேசலாம்.